சிவப்பு எச்சரிக்கை மலைக்கா, சமவெளிக்கா?

ஐப்பசியில் அடைமழை, கார்த்திகையில் கனமழை என்று நம் பெரியவர்கள் சொல்லி வைத்தார்கள். வடநாட்டு விவசாயிக்குக் குளிர்காலம் என்றால் பனிமூட்டமும் கடுங்குளிரும்தான் கவலை. நம் மாவட்டத்திலேயே கொடைக்கானல் மலையில் மார்கழி, தை மாதங்களில் உறைபனி விழுவதுண்டு. திண்டுக்கல் சமவெளியில் பாடுபடும் நமக்கு அந்தப் பயம் இல்லை. நமக்குக் குளிர்காலத்து ஆபத்து வங்கக் கடலிலிருந்து வருகிறது. காற்றழுத்தத் தாழ்வு என்றும் புயல் என்றும் பெயர் வைத்துக்கொண்டு, ஐப்பசி முதல் மார்கழி வரை எந்த வாரத்திலும் வரலாம்.

ஆண்டு முழுவதும் நமக்குக் கிடைக்கும் மழையில் ஏறத்தாழ பாதி இந்த வடகிழக்குப் பருவத்தில்தான் கிடைக்கிறது. கிணறு ஊறுவதும், கண்மாய் நிரம்புவதும், மானாவாரிச் சோளம் கதிர் பிடிப்பதும் இதை நம்பித்தான். ஆனால் சின்ன வெங்காயம் பிடுங்கும் பருவமும், நிலக்கடலை பறிக்கும் பருவமும், மக்காச்சோளம் காய வைக்கும் பருவமும் இதே மாதங்களில்தான் வந்து சேருகின்றன. ஒரே மழை கிணற்றை நிரப்பும். களத்தில் கிடக்கும் விளைச்சலை அழுக வைக்கும். ஆகவே மழை வருமா என்பதைவிட, எப்போது, எந்தப் பக்கம், எவ்வளவு வரும் என்பதே நமக்கு முக்கியம்.

இதைச் சொல்லத்தான் வானிலை எச்சரிக்கைகள் இருக்கின்றன. முன்பு வானொலியில் மாலைச் செய்தியோடு கேட்டோம். இன்று கைப்பேசியில் மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு என்று நிறத்தோடு வருகிறது. வசதி பெருகியிருக்கிறது, சந்தேகமில்லை. ஆனால் அந்த எச்சரிக்கை சிறு விவசாயி ஒரு முடிவெடுக்க உதவுகிற மாதிரி இருக்கிறதா என்று கேட்டால், இல்லை என்பதுதான் என் அபிப்பிராயம்.

இரண்டு கார்த்திகை

வேடசந்தூர் பக்கத்தில் எனக்குத் தெரிந்த ஒரு குடியானவர். ஒன்றரை ஏக்கர் தோட்டம். புரட்டாசி முதல் வாரத்தில் சின்ன வெங்காயம் ஊன்றுவார். ஒரு கார்த்திகையில், தாள் சாய இன்னும் பத்து நாள் இருக்கும்போது, திண்டுக்கல் மாவட்டத்துக்குச் சிவப்பு எச்சரிக்கை என்று செய்தி வந்தது. பயந்துபோய் ஆள் பிடித்து, கூடுதல் கூலி கொடுத்து இரண்டே நாளில் பிடுங்கினார். முற்றாத காய், கழுத்துத் தடித்திருந்தது. பட்டறை போட்டு வைக்க முடியாது. வந்த விலைக்கு ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டில் தள்ளிவிட்டு வந்தார். எச்சரிக்கை சொன்ன இரண்டு நாளும் மலையில் கொட்டித் தீர்த்தது. அவர் தோட்டத்தில் மண் நனையவில்லை.

அடுத்த வருஷம் அதே கார்த்திகையில் மறுபடியும் எச்சரிக்கை வந்தது. “என்ன மாமா, இந்தத் தடவையும் சிவப்புன்னு போட்டிருக்காங்களே, பிடுங்கலையா?” என்று கேட்டேன். “போன வருஷமும்தான் போட்டாங்க. அவங்க பேச்சைக் கேட்டு ஒரு தடவை ஏமாந்தது போதும் தம்பி” என்றார். பிடுங்கிப் பாத்தியிலேயே காயப் போட்டிருந்த காயைக்கூட அவர் வாரிக் கட்டவில்லை. அன்று இரவும் மறுநாள் இரவும் மழை விடாமல் பெய்தது. மூன்றாம் நாள் காலையில் பாத்தியில் தண்ணீர் நின்றது. காயை எடுத்து அமுக்கினால் விரலோடு ஒட்டிக்கொண்டு வந்தது.

முதல் வருஷம் எச்சரிக்கையைக் கேட்டு நஷ்டப்பட்டார். இரண்டாம் வருஷம் கேட்காமல் நஷ்டப்பட்டார். இதில் அவர்மேல் குற்றம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. எச்சரிக்கை தப்பாமல் வர வேண்டும் என்று கேட்பதும் நியாயமல்ல. வானம் யாருக்கும் கட்டுப்பட்டதல்ல. ஆனால் எச்சரிக்கையைச் சொல்லும் முறையில் திருத்த வேண்டியது நிறைய இருக்கிறது. அதைப் பற்றியே எழுதுகிறேன்.

கடல் தூரம் என்று இருந்துவிடக் கூடாது

முதலில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். எச்சரிக்கையே வேண்டாம், இது கடற்கரைக்காரர்களுக்கு உள்ள கவலை என்று நம்மில் சிலர் பேசுவதைக் கேட்கிறேன். அது சரியல்ல. நாகப்பட்டினம் பக்கம் கரையேறும் புயல் மேற்கே திரும்பினால் அதன் பாதையில் திண்டுக்கல் இருக்கிறது. இதை நாம் இரண்டு முறை பார்த்தாகிவிட்டது.

1977 நவம்பர் 12 அதிகாலையில் நாகப்பட்டினத்துக்குச் சற்றுத் தெற்கே கடும் புயல் கரையேறியது. தஞ்சாவூர், திருச்சி, புதுக்கோட்டைப் பக்கங்களில் மணிக்குச் சுமார் 120 கிலோமீட்டர் வேகத்தில் காற்று அடித்தது. 560 பேர் உயிரிழந்தனர். 23,000 கால்நடைகள் மாண்டன. அப்போது திண்டுக்கல் தனி மாவட்டம் அல்ல; மதுரை மாவட்டத்தில் இருந்தது. 1985 செப்டம்பர் 15-ல்தான் தனி மாவட்டமாயிற்று.

அந்த 1977 வெள்ளத்தில்தான் வேடசந்தூர் வட்டாரத்தில் குடகனாற்று அணை உடைந்தது. மண் அணை அது. வெள்ளத்தை விட ஐந்து ஷட்டர்கள் இருந்தன. ஆட்கள் நேரத்தோடு ஷட்டரைத் தூக்க முனைந்தார்கள். பாதி தூக்குவதற்குள் மின்சாரம் போய்விட்டது. ஜெனரேட்டரை ஓட்டிப் பார்த்தார்கள். கையாலும் சுற்றிப் பார்த்தார்கள். அதற்குள் தண்ணீர் கரைக்கு மேலே ஏறி, பின்சரிவை அரித்து, பல இடங்களில் கரையை வாரிக்கொண்டு போயிற்று. பிறகு அணை திரும்பக் கட்டப்பட்டது. ஆனால் அன்று நடந்ததில் ஒரு பாடம் இருக்கிறது. மழை உச்சத்துக்கு வந்த பின் செய்யும் வேலை கைகொடுக்காது. மின்சாரம் இருக்கும்போதே, பாதை திறந்திருக்கும்போதே செய்து முடிக்க வேண்டும். அணைக்குச் சொன்ன இந்த நியாயம் நம் கிணற்று மோட்டாருக்கும் பொருந்தும்.

இரண்டாவது 2018-ல் வந்த கஜா புயல். நவம்பர் 16 பின்னிரவில் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையேறியது. அதே நாள் காலையில் திண்டுக்கல் மாவட்டத்தையும் உலுக்கிவிட்டுக் கேரளத்துக்குள் புகுந்து அரபிக் கடலில் இறங்கிற்று. டெல்டாவில் லட்சக்கணக்கான தென்னைகள் சாய்ந்ததை நாடே பேசியது. நம் மாவட்டத்திலும் வாழை படுத்தது. மரங்கள் விழுந்து கொடைக்கானல் பாதைகள் அடைபட்டன. கடற்கரையில் புயல் ஏறியபோது நாம் தூங்கிக்கொண்டிருந்தோம். விடிந்தபோது அது நம்மிடம் வந்துவிட்டது. இடையில் கிடைத்தது சில மணி நேரந்தான், அதுவும் இருட்டில். ஆக, முதல் நாள் பொழுது சாய்வதற்குள் விவசாயிக்குச் சேராத எச்சரிக்கை, சேர்ந்தும் பிரயோசனமில்லை.

ஒரு மாவட்டம், ஒரே நிறம்

இனி நம்பிக்கை குலையும் காரணத்துக்கு வருகிறேன். நம் மாவட்டத்தில் 14 ஊராட்சி ஒன்றியங்கள் இருக்கின்றன. கொடைக்கானல் ஒன்றியம் முழுக்க மலை. சிறுமலை, கன்னிவாடிப் பக்கத்து மலைச்சரிவுகளைத் தள்ளிவிட்டால் மற்றவை பெரும்பாலும் சமவெளி. கொடைக்கானல் 7,000 அடி உயரம். திண்டுக்கல் நகரம் சுமார் 900 அடி. கடலிலிருந்து வரும் ஈரக்காற்று மலையில் முட்டி மேலேறும்போது குளிர்ந்து அங்கே கொட்டும். சமவெளியில் அதே நேரம் வெறும் தூறலோ மூட்டமோதான் இருக்கும். மலையில் 15 சென்டிமீட்டர் பெய்கிற நாளில் குஜிலியம்பாறையில் 1 சென்டிமீட்டர்கூடப் பெய்யாமல் இருக்கலாம். ஆனால் எச்சரிக்கையின் நிறம் மாவட்டத்துக்கு ஒன்றாகவே வருகிறது. தாண்டிக்குடி மலைத் தோட்டக்காரருக்கும் வடமதுரை வெங்காயக்காரருக்கும் ஒரே சிவப்பு.

எச்சரிக்கையின் வார்த்தைகளுக்கும் கணக்கு உண்டு. அது நமக்கு யாரும் விளக்கிச் சொல்லாத கணக்கு. “ஓரிரு இடங்களில்” என்று வானிலைத் துறை சொன்னால், அந்தப் பகுதியில் உள்ள மழைமானி நிலையங்களில் கால்வாசிக்கு மேற்படாதவற்றில் என்று அர்த்தம். அந்தக் கால்வாசி முழுவதும் மலையிலேயே இருந்துவிட்டாலும் எச்சரிக்கை சரியானதுதான். “கனமழை” என்றால் 24 மணி நேரத்தில் 7 முதல் 11 சென்டிமீட்டர். “மிகக் கனமழை” 12 முதல் 20 சென்டிமீட்டர். “அதிகனமழை” 21 சென்டிமீட்டரும் அதற்கு மேலும். அந்த 24 மணி நேரமும் காலை 8.30-லிருந்து மறுநாள் காலை 8.30 வரை.

இதை ஏக்கர் கணக்கில் சொன்னால் நமக்கு எளிதில் புரியும். ஒரு ஏக்கரில் 1 மில்லிமீட்டர் மழை பெய்தால் அது ஏறத்தாழ 4,000 லிட்டர் தண்ணீர். 7 சென்டிமீட்டர் என்றால் 2 லட்சத்து 80 ஆயிரம் லிட்டர். 12 சென்டிமீட்டர் என்றால் 4 லட்சத்து 80 ஆயிரம் லிட்டருக்கு மேல். அவ்வளவு தண்ணீரும் ஒரு ராத்திரிக்குள் நம் ஒரு ஏக்கரில் விழுந்தால் எந்த வழியாக வெளியேறும் என்று ஒவ்வொருவரும் வரப்பில் நின்று ஒரு முறை யோசித்துப் பார்க்க வேண்டும்.

நிறத்திலும் ஒரு குழப்பம் இருக்கிறது. மஞ்சள் என்றால் கவனித்திரு, ஆரஞ்சு என்றால் தயாராயிரு, சிவப்பு என்றால் செயலில் இறங்கு என்பது பொருள். மழையின் அளவை மட்டும் வைத்து நிறம் கொடுப்பதில்லை. அதனால் என்ன பாதிப்பு வரும், வர எவ்வளவு வாய்ப்பு என்பதையும் பார்த்தே கொடுக்கிறார்கள். மண்சரிவுக்கு அஞ்சிக் கொடுத்த சிவப்பு மலைப்பாதைக்குப் பொருந்தும். அதைப் பார்த்து ரெட்டியார்சத்திரத்தில் வெங்காயத்தைப் பிடுங்குவது வீண் செலவாகிவிடும்.

அதிகாரிகள் சொல்வதும் நியாயமே

இதற்கு அதிகாரிகள் ஒரு பதில் சொல்வார்கள். “இரண்டு நாளுக்கு முன்னாலேயே இந்த ஒன்றியத்தில் பெய்யும், அந்த ஒன்றியத்தில் பெய்யாது என்று திட்டமாகச் சொல்லும் அளவுக்கு எந்த நாட்டு விஞ்ஞானமும் வளரவில்லை. குறுகலாகச் சொல்லி ஓர் உயிர் போவதைவிட, அகலமாகச் சொல்லி நாலு பேர் சிரமப்படுவது மேல்” என்பார்கள். உயிர் விஷயத்தில் இது முற்றிலும் சரி. பள்ளிக்கு விடுமுறை விடவும், ஆற்றங்கரையில் இருப்பவர்களை அப்புறப்படுத்தவும் மாவட்டம் முழுமைக்கும் சொல்வதை யாரும் குறைகூற முடியாது.

ஆனால் பயிர் விஷயம் வேறு. ஒதுங்கி நின்றதால் யாருக்கும் நஷ்டமில்லை. முற்றாத காயைப் பிடுங்கினால் நஷ்டம் உண்டு. ஆள் கூலி நஷ்டம், விலை நஷ்டம், விதைக்காய் நஷ்டம். ஆகவே உயிருக்குச் சொல்லும் எச்சரிக்கையையும் பயிருக்குச் சொல்லும் எச்சரிக்கையையும் பிரித்துச் சொல்ல வேண்டும். முதலாவது அகலமாக இருக்கட்டும். இரண்டாவது நெருக்கமாக இருக்க வேண்டும்.

வசதி இல்லாமலும் இல்லை. கோவை வேளாண்மைப் பல்கலைக்கழகம் தமிழ்நாட்டில் ஒன்றியந்தோறும் தானியங்கி வானிலை நிலையங்களை நிறுவியிருக்கிறது. ஊராட்சி அளவிலேயே முன்னறிவிப்பு தரும் ஏற்பாட்டை மத்திய அரசு 2024 அக்டோபரில் தொடங்கியது. முன்னறிவிப்பு ஊராட்சி வரைக்கும் இறங்கி வந்துவிட்டது. எச்சரிக்கை நிறம் மட்டும் மாவட்டத் தலைநகரோடு நிற்கிறது. அது மட்டுமல்ல. மாவட்ட வேளாண் வானிலைப் பிரிவுகள் என்று நாட்டில் 199 இடங்களில் வேளாண் அறிவியல் நிலையங்களோடு சேர்த்து ஏற்படுத்தியிருந்தார்கள். வானிலையைப் பயிர் வேலையாக மாற்றிச் சொல்லும் ஆட்கள் அவற்றில் இருந்தார்கள். 2024 தொடக்கத்தில் அவற்றை நிறுத்திவிட்டார்கள். கருவி பெருகுகிற காலத்தில், அதைப் படித்துச் சொல்கிற ஆளைக் குறைப்பது எந்த வகைச் சிக்கனம் என்று எனக்கு விளங்கவில்லை.

நான்கு கோரிக்கைகள்

விவசாயிகள் சார்பில் நான்கு கோரிக்கைகளை வைக்கிறேன்.

ஒன்று, திண்டுக்கல் மாவட்ட எச்சரிக்கையை மலை, சமவெளி என்று குறைந்தது இரண்டாகப் பிரித்துச் சொல்ல வேண்டும். ஒன்றியவாரியாக இரண்டு நாள் முன்னால் சொல்ல முடியாது என்றால் வேண்டாம். மழை நெருங்கிய அன்று மதியமாவது எந்தெந்த ஒன்றியங்களுக்கு ஆபத்து அதிகம் என்று சொல்லலாம். அது முடியாத காரியமல்ல.

இரண்டு, எச்சரிக்கையோடு பயிருக்கு என்ன செய்ய வேண்டும் என்பதும் சேர்ந்து வர வேண்டும். “12 சென்டிமீட்டர் வரை பெய்யலாம்” என்பது செய்தி. “அறுத்த கதிரை இன்றே மூடுங்கள், முற்றாத வெங்காயத்தைப் பிடுங்க வேண்டாம், வடிகாலைத் திறந்து விடுங்கள்” என்பது யோசனை. நமக்கு இரண்டும் வேண்டும். வாரம் இருமுறை வேளாண் வானிலை அறிக்கை வருகிறது; மேகதூத் செயலியில் தமிழிலும் கிடைக்கிறது. ஆனால் புயல் அந்த இரண்டு கிழமையைப் பார்த்து வருவதில்லை.

மூன்று, எச்சரிக்கை ஆள் மூலமாகவும் ஊருக்குள் வர வேண்டும். கைப்பேசி எல்லோரிடமும் இருக்கிறது என்கிறார்கள். மின்சாரம் போய், கோபுரம் நின்றுவிட்டால் கைப்பேசி வெறும் கைவிளக்குத்தான். வங்காள தேசத்தில் 1970-ல் பெரும் புயலில் லட்சக்கணக்கானோர் மாண்ட பிறகு, ஊர்தோறும் தொண்டர்களைத் தேர்ந்தெடுத்துக் கையில் ஒலிபெருக்கி கொடுத்துத் தெருத்தெருவாகச் சொல்ல வைத்தார்கள். பின்னால் வந்த புயல்களில் அங்கே உயிர்ச்சேதம் வெகுவாகக் குறைந்ததில் அந்தத் தொண்டர்களுக்குப் பெரும் பங்கு உண்டு. நம் ஊர்களில் முன்பு தண்டோரா போட்டுச் சொன்னோம். கோயில் ஒலிபெருக்கியும் பால் சொசைட்டியும் ரேஷன் கடைப் பலகையும் இன்றும் இருக்கின்றன. மாலை நான்கு மணிக்குள் பால் ஊற்ற வருகிறவர்களிடம் சொன்னாலே பாதி ஊருக்குத் தெரிந்துவிடும்.

நான்கு, மழை ஓய்ந்த பிறகு, சொன்னது என்ன, பெய்தது என்ன என்று ஒன்றியவாரியாக வெளியிட வேண்டும். பத்து முறை சொன்னதில் எத்தனை முறை நம் ஒன்றியத்தில் பெய்தது என்று தெரிந்தால் விவசாயி தானே கணக்குப் போட்டுக்கொள்வான். தப்பை ஒப்புக்கொள்வதால் மரியாதை குறையாது. ஒப்புக்கொள்ளாததால்தான் அடுத்த எச்சரிக்கையை யாரும் மதிப்பதில்லை.

நம் பங்குக்கு நாம் செய்ய வேண்டியது

சர்க்கார் செய்யட்டும் என்று நாம் கைகட்டி இருக்க முடியாது. நம் தோட்டத்து மழையை நாமே அளக்க வேண்டும். இதற்குச் செலவில்லை. பக்கம் நேராக உள்ள ஒரு தகர டப்பாவை, மரமும் கூரையும் மறைக்காத இடத்தில், மண் தெறிக்காத உயரத்தில் சாயாமல் நிறுத்துங்கள். காலை 8.30 மணிக்கு அடிக்கோலை விட்டுப் பார்த்தால் எத்தனை சென்டிமீட்டர் என்று தெரிந்துவிடும். அதை நாட்காட்டித் தாளில் குறித்து வையுங்கள். மூன்று பருவம் குறித்தால், எந்த மாதிரிப் புயலுக்கு நம் ஊரில் மழை பிடிக்கிறது, எதற்குப் பிடிக்காமல் மலையோடு போகிறது என்பது உங்களுக்கே தெரியவரும்.

அடுத்து, எச்சரிக்கை வந்ததும் எல்லா வேலையையும் ஒரே மூச்சில் செய்ய ஓட வேண்டாம். செலவில்லாத வேலையை முதலில், செலவுள்ள வேலையைக் கடைசியில் என்று வைத்துக்கொள்ளுங்கள். இது என் அனுபவத்தில் கண்ட வழி.

மஞ்சள் என்றால் செலவில்லாத வேலைகள். உரம் வைப்பதையும் மருந்து அடிப்பதையும் தள்ளிப் போடுங்கள். போட்ட யூரியா மழையோடு போய்விடும். தண்ணீர் பாய்ச்சுவதை நிறுத்துங்கள். வாய்க்காலில் அடைத்திருக்கும் செத்தையை எடுத்துவிட்டு, தாழ்ந்த மூலையில் வரப்பை வெட்டிவிட ஏற்பாடாக வையுங்கள். வெங்காயப் பாத்தியில் ஒரு நாள் தண்ணீர் நின்றாலே அடித்தாள் அழுகல் தொடங்க இடமாகும். மல்லிகைத் தோட்டத்திலும் வேரைச் சுற்றித் தண்ணீர் நிற்கவிடக் கூடாது.

ஆரஞ்சு என்றால் ஒரு நாள் ஆள் கூலிக்குள் முடிகிற வேலைகள். பிடுங்கிக் காயப் போட்ட வெங்காயம், பறித்த கடலை, ஒடித்த மக்காச்சோளக் கதிர் எல்லாவற்றையும் மேட்டுக்குக் கொண்டு வந்து தார்ப்பாய் போட்டு மூடுங்கள். நனைந்த சோளக்கதிரில் பூஞ்சணம் பிடித்தால் கோழித் தீவனத்துக்குக்கூட வாங்கமாட்டார்கள். வெடித்த பருத்தியை எடுத்துவிடுங்கள். குலை தள்ளிய வாழைக்கு முட்டுக் கொடுத்து மண் அணையுங்கள். தென்னையில் முற்றிய காயையும் கீழ்மட்டையையும் இறக்கினால் மரத்துக்குப் பாரம் குறையும். முருங்கை லேசான மரம், காற்றுக்கு ஒடியும். நீண்ட கிளையைக் கவாத்துச் செய்துவிட்டால் மரம் தப்பும். கிணற்று மோட்டாரைத் தண்ணீர் ஏறும் மட்டத்துக்கு மேலே தூக்கி வையுங்கள். தட்டைப் படப்பின் தலையை மூடிக் கட்டுங்கள்.

சிவப்பு என்றால், இரவு தங்கும் இடமும் மாடும்தான் முதல் கவலை. மாட்டை மரத்தடியிலோ மின்கம்பியின் கீழோ கட்டாதீர்கள். ஓடைக்கரையில் பட்டி போட்டிருந்தால் மேட்டுக்கு மாற்றுங்கள். இடி முழங்கும்போது புளியமரத்தடியில் ஒதுங்காதீர்கள். பயிரைப் பொறுத்தவரை, நன்றாக முற்றிய கடலையைப் பறித்துவிடலாம். மழையில் விட்டால் மண்ணுக்குள்ளேயே முளைத்துவிடும். வெங்காயத்தில் முக்கால்வாசித் தாள் சாய்ந்திருந்து, பிடுங்கிய காயை உலர்த்த நிழலும் இடமும் இருந்தால் மட்டும் பிடுங்குங்கள். சாயாத வெங்காயத்தைப் பயந்து பிடுங்குவதைவிட வடிகால் எடுத்துவிட்டுத் தோட்டத்திலேயே விடுவது மேல். முடிவு எடுக்குமுன், எச்சரிக்கை மலைக்கா சமவெளிக்கா என்று கேளுங்கள். மாவட்டக் கட்டுப்பாட்டு அறைக்கு 1077. விவசாய யோசனைக்கு கிசான் அழைப்பு மையம் 1800-180-1551. நாலு பேர் கேட்டால்தான் பிரித்துச் சொல்ல வேண்டும் என்று அவர்களுக்கும் தோன்றும்.

கடைசியாக ஒன்று. பயிருக்குக் காப்பீடு செய்தவர்கள், வயலில் தண்ணீர் நின்று சேதமானாலும், அறுத்துப் பரப்பிய விளைச்சல் 14 நாளுக்குள் புயல் மழையில் நனைந்து கெட்டாலும், 72 மணி நேரத்துக்குள் தகவல் கொடுக்க வேண்டும். நாலாம் நாள் போனால் காரியம் ஆகாது. எச்சரிக்கை வந்த அன்றே சிட்டா நகலையும் காப்பீட்டு ரசீதையும் நனையாத பையில் எடுத்து வைத்துவிடுங்கள். சேதத்தைப் படம் எடுத்துக்கொள்வதும் நல்லது.

அந்த வேடசந்தூர்க்காரர் இந்த வருஷமும் வெங்காயம் ஊன்றியிருக்கிறார். தோட்டத்து மூலையில் ஒரு பழைய பிஸ்கட் டப்பாவை மழைக்கு வைத்திருக்கிறார். பாத்திகளுக்கு நடுவே ஒரு முழ ஆழத்துக்கு வடிகாலும் எடுத்திருக்கிறார். அவர் பங்கை அவர் செய்துவிட்டார். இனி சிவப்பு என்று செய்தி வருகிற அன்று, அது தன் தோட்டத்துக்கா, மலைக்கா என்று அவர் கேட்பார். அதற்குப் பதில் சொல்லும் நிலையில் சர்க்கார் இலாகாக்கள் இருக்க வேண்டும். அடுத்த கார்த்திகைக்குள் அந்த ஏற்பாட்டைச் செய்து கொடுத்தால் திண்டுக்கல் சமவெளியின் சிறு விவசாயிகள் அதை மறக்கமாட்டார்கள்.